'த நைட் சர்க்கஸ்': காதல் கதை எங்கே இருக்கிறது?

கேள்வி: எரின் மார்கன்ஸ்டெர்ன் எழுதிய 'த நைட் சர்க்கஸ்' நாவலை, மந்திர சர்க்கஸில் நடக்கும் காதல் கதை என்று சொல்லித் தோழி ஒருத்தி கொடுத்தாள். முதல் பாகம் முடியப் போகிறது. கூடாரம் கூடாரமாக வர்ணனைதான் வருகிறது. நாயகனும் நாயகியும் பேசிக்கொள்ளக்கூட இல்லை. வருடங்கள் வேறு முன்னும் பின்னும் குதிக்கின்றன. தொடரலாமா, விட்டுவிடலாமா?

தொடருங்கள். ஆனால் 'இனிமேல் சூடு பிடிக்கும், பாருங்கள்' என்று ஆசை காட்ட மாட்டேன், ஏனென்றால் பிடிக்காது. நாயகி சீலியாவும் நாயகன் மார்கோவும் மனம்விட்டுப் பேசவே நாவல் பாதியைத் தொட்டுவிடும். அடுத்த சந்திப்பு எப்போது, முத்தம் எப்போது என்று பக்கத்தைப் புரட்டினால் பட்டினிதான். நீங்கள் அலுத்துக்கொள்கிற அந்தக் கூடார வர்ணனைகளுக்குள்தான் காதல் நடந்துகொண்டிருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். முடிவை உடைக்க மாட்டேன். நடுவில் வரும் சில விஷயங்கள் மட்டும் வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்த பகுதியை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். 1873. நியூயார்க்கில் 'ப்ராஸ்பெரோ' என்ற மேடைப் பெயரில் வித்தை காட்டும் ஹெக்டர் போவனின் தியேட்டருக்கு அவருடைய ஐந்து வயது மகள் சீலியா வந்து சேர்கிறாள். அவள் கோட்டில் ஒரு கடிதம் குத்தியிருக்கிறது. அவள் அம்மா தற்கொலை செய்துகொள்வதற்கு முன் எழுதியது. அப்பனுக்குப் பாசம் பொங்கவில்லை. பிள்ளை கோபப்பட்டதும் மேஜைமேல் இருந்த தேநீர்க் கோப்பை தானாக உடைந்து சிதறுகிறதே, அதைப் பார்த்த பிறகுதான் ஆளுக்கு ஆர்வமே வருகிறது. உடனே தன் பழைய எதிராளியைக் கூப்பிட்டுப் பந்தயம் கட்டுகிறார். எப்போதும் சாம்பல் நிற உடையில் வரும் அந்த மனிதர் லண்டன் அநாதை விடுதி ஒன்றிலிருந்து ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து வருகிறார். அவன்தான் பிற்பாடு மார்கோ. மந்திரம் பிறவியில் வருவது என்பது ஹெக்டரின் கட்சி. யாருக்கு வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம் என்பது மற்றவரின் கட்சி. இந்த விவாதத்தைத் தீர்த்துக்கொள்ள ஆளுக்கொரு பிள்ளையைப் பலிகொடுக்கிறார்கள்.

பயிற்சி நடக்கும் பக்கங்களை நீங்கள் வேகமாகக் கடந்திருந்தால் திரும்பப் போய்ப் படியுங்கள். ஹெக்டர் மகளின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கீறுகிறார். பத்து விரலையும் ஒரே நேரத்தில் அவளே ஆற்றிக்கொள்ளும் வரை விடுவதில்லை. மார்கோவுக்கு அடி உதை கிடையாது. அவனுக்குப் புத்தகம், தனிமை, மறுபடியும் புத்தகம். இரண்டுமே கொடுமைதான், ஆனால் வேறு வேறு கொடுமை. அதனால் இருவருக்கும் இரண்டு வகையான மந்திரம் வாய்க்கிறது. சீலியா பொருளை நேரடியாக மாற்றுவாள். துணியைப் பறவையாக்குவாள், உடைந்ததை ஒட்டவைப்பாள். அதன் வலியும் அவள் உடம்பில்தான் இறங்கும். மார்கோ குறியீடுகளை எழுதி, ஆட்களின் பெயர்களைப் பேரேட்டில் கட்டிவைத்து, தூரத்திலிருந்து இயக்குவான். அவள் சர்க்கஸோடு ஊர் ஊராகப் போகிறாள். அவன் லண்டனில், சர்க்கஸை உருவாக்கிய சந்திரேஷ் கிறிஸ்டோஃப் லெஃபெவ்ரின் உதவியாளனாக மேஜையருகே உட்கார்ந்திருக்கிறான். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் ஒவ்வொரு கூடாரத்தையும் பார்த்து 'இது யார் கைவேலை?' என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் புத்தகம் உங்களுக்குத் திறந்துவிட்டது.

1886 அக்டோபரில் லண்டனில் சர்க்கஸ் திறக்கிறது. அந்தி சாய்ந்ததும் திறந்து விடியலில் மூடும். எல்லாம் கறுப்பும் வெள்ளையும். போட்டியின் ஆடுகளம் அதுதான். ஒருவர் ஒரு கூடாரம் போட்டால் அது ஒரு காய் நகர்த்தல். எதிராளி இன்னொரு கூடாரத்தால் பதில் சொல்ல வேண்டும். தன் எதிராளி யார் என்பது மார்கோவுக்கு, சீலியாவைச் சர்க்கஸுக்குத் தேர்வு செய்யும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. அவளுக்குப் பல வருடங்கள் தெரியாது. தெரியாத ஒருவன் கட்டிய பனித்தோட்டத்துக்குள் அவள் போகிறாள். செடி, மரம், பூவிதழ் எல்லாம் பனியில் செய்தவை. போட்டி என்று பார்த்தால் அவளுக்குப் பயம் வர வேண்டும், பொறாமை வர வேண்டும். அவளுக்கோ அந்த இடம் பிடித்துப்போகிறது, மனசு நிறைந்துபோகிறது. அவள் பங்குக்கு, ஈதன் பாரிஸ் என்ற பொறியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு ராட்டினம் செய்கிறாள். அதில் ஏறி உட்கார்ந்தால் மரத்தில் செதுக்கிய மிருகம் மூச்சு விடுவதுபோல் இருக்கும். பிறகு இருவரும் ஒரே புதிர்ப்பாதைக்குள் மாறி மாறி அறைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், இது போட்டியா, கடிதப் போக்குவரத்தா? ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசாமல், வருடக்கணக்கில், இவன் ஒன்று செய்ய, அதை அவள் முழுசாகப் புரிந்துகொண்டு இன்னொன்று செய்கிறாள். கடைசியில் இருவரும் சந்தித்துப் பேசும் இடத்தில், 'இவ்வளவு சீக்கிரம் எப்படிக் காதல் வந்தது, நாலு வார்த்தைகூடப் பேசவில்லையே' என்று குறைப்படும் வாசகர்கள் உண்டு. அவர்கள் கூடாரங்களைத் தாண்டிக் குதித்துப் போனவர்கள் என்றே நினைக்கிறேன்.

வருடக் குழப்பத்துக்கு வழி சுலபம். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழேயும் ஊரும் தேதியும் இருக்கின்றன. கதையில் மூழ்கியவர்கள் அதைப் பார்க்காமல் போய்விடுவார்கள். இந்த நாவலில் மட்டும் அந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். இரண்டு தண்டவாளங்கள் ஓடுகின்றன. ஒன்று சீலியா-மார்கோ கதை, 1873இல் தொடங்கி மெதுவாக நகர்வது. மற்றொன்று மாசசூசெட்ஸின் கான்கார்டில் பண்ணை வீட்டுப் பையன் பெய்லியின் கதை, 1897இல் தொடங்குவது. அக்காவும் நண்பர்களும் உசுப்பேற்ற, பட்டப்பகலில் மூடிக்கிடக்கும் சர்க்கஸுக்குள் அவன் திருட்டுத்தனமாக நுழைகிறான். அங்கே செம்பட்டை முடிப் பெண் ஒருத்தியைப் பார்க்கிறான். அவள் சர்க்கஸ் திறந்த அன்று நள்ளிரவை ஒட்டிப் பிறந்த இரட்டையரில் ஒருத்தி; அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. பெய்லியின் அத்தியாயங்கள் எப்போதும் சில வருடம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். முதல் கதை அதை எட்டிப் பிடிப்பது 1902இல். அதுவரை 'இவன் யார், எதற்கு வருகிறான்' என்ற எரிச்சல் இருக்கத்தான் செய்யும். ஒரு துண்டுக் காகிதத்தில் வருடங்களைக் குறித்துக்கொண்டு போனால் குழப்பம் போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு: அந்த இரட்டையரைத் தவிர சர்க்கஸில் யாருக்கும் வயது ஏறுவதில்லை என்பதைப் பாத்திரங்களுக்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அப்புறம், இடையிடையே 'நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள்' என்று உங்களையே இழுத்துவிடும் ஒன்றிரண்டு பக்கத் துண்டுகள். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். ஏன் என்று சொல்ல ஒரு சுற்றுப் போக வேண்டும்.

சர்க்கஸ் என்றதும் நமக்கு யானை, பார் விளையாட்டு, கோமாளி, சுற்றி கேலரி. இந்தப் பழைய அமைப்புக்கு வட்டம்தான் உயிர். 1768இல் லண்டனில் ஃபிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தை காட்டத் தொடங்கியபோது, குதிரை வட்டமாகச் சீராக ஓடினால் அதன் முதுகில் நிற்பவர் சமநிலை இழக்காமல் சமாளிக்கலாம் என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். அந்த வட்டத்தின் விட்டம் 42 அடி என்று நிலைத்துவிட்டது, இன்றுவரை அதேதான். வட்டம் என்றால் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், ஒரே நேரத்தில் கைதட்டுகிறார்கள். மார்கன்ஸ்டெர்ன் அந்த வட்டத்தைத்தான் முதலில் தூக்கி எறிகிறார். அவருடைய சர்க்கஸில் எல்லோரும் கூடி உட்காரும் பெரிய கொட்டகையே கிடையாது. வளைந்து வளைந்து போகும் பாதைகள், வழியெல்லாம் கூடாரங்கள், நடுவில் அணையாத வெள்ளைத் தீ. எந்தக் கூடாரத்துக்குள் போவது என்பது உங்கள் இஷ்டம். பக்கத்தில் இருப்பவர் பார்த்ததை நீங்கள் பார்க்காமலே திரும்பிவிடலாம்.

இந்த யோசனைக்கு ஒரு பின்னணி உண்டு. நன்றியுரையில் அவர் பஞ்ச்ட்ரங்க் என்ற பிரிட்டிஷ் நாடகக் குழுவைக் குறிப்பிடுகிறார். 2009இல் பாஸ்டனை ஒட்டிய ப்ரூக்லைனில், ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு 'ஸ்லீப் நோ மோர்' என்ற நாடகத்தை நடத்தினார்கள், மாக்பெத்தைத் தழுவியது. பார்வையாளர்களுக்கு நாற்காலி இல்லை. வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு அறை அறையாக அலைய வேண்டியதுதான். எந்த நடிகர் பின்னால் போகிறீர்களோ அதுதான் உங்கள் நாடகம். நாவலின் அந்தக் குட்டித் துண்டுகள் இதையே எழுத்தில் செய்து பார்க்கின்றன. கதை நகரவில்லை என்று உங்களுக்குத் தோன்றும் நேரத்தில், உங்களைக் கையில் டிக்கெட்டோடு வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். நாவல் முழுக்கவும் நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருப்பதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சின்ன விஷயம். லண்டன் பிக்காடிலியின் எகிப்தியன் ஹாலில் மாஸ்கலினும் குக்கும் தங்கள் புகழ்பெற்ற மேஜிக் காட்சிகளைத் தொடங்கியதும் 1873தான். ஆவிகளோடு பேசுகிறோம் என்று சொல்லித் திரிந்தவர்களின் தந்திரங்களைப் போட்டுடைத்தே பெயர் வாங்கியவர் மாஸ்கலின். எல்லாமே கைவித்தை என்று மேடையில் நிரூபிப்பார். ஹெக்டர் போவன் செய்வது நேர் எதிர். நிஜமான மந்திரத்தைக் கைவித்தை மாதிரி வேஷம் போட்டு விற்கிறார். ஜனங்கள் 'எங்கேயோ கண்ணாடி இருக்கும், கம்பி இருக்கும்' என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். இந்தக் கேலியை நாவல் சத்தமில்லாமல் கடைசிவரை கொண்டுபோகிறது.

எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் காதலர் இருவரில் யாரும் இல்லை. மியூனிக்கின் கடிகாரத் தச்சர் ஃப்ரெட்ரிக் தீஸன்தான். சர்க்கஸ் வாயிலுக்கு அவர் செய்யும் கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் பார்த்தால் வெறும் கறுப்பு வெள்ளைக் கடிகாரம். மெல்ல மெல்ல முகப்பின் நிறம் மாறுகிறது, பாகங்கள் விரிகின்றன, குட்டிக் குட்டி உருவங்கள் வெளியே வருகின்றன. குயில் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் முகமூடி போட்ட ஒரு வித்தைக்காரன் வெள்ளிப் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். மணிக்கு ஒரு பந்து கூடும். நள்ளிரவில் பன்னிரண்டு பந்தும் காற்றில் இருக்கும். எதற்காகச் செய்கிறோம் என்றே தெரியாமல் இதைச் செய்து அனுப்பிவிட்டு, பிறகு அந்தச் சர்க்கஸையே பார்க்கப் போகிறார், அதற்கு அடிமையாகிறார். அதைப் பற்றி எழுத ஆரம்பிக்கிறார். அவர் எழுத்தைப் படித்த ஆட்கள் ஒன்று சேர்கிறார்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல் உடை, அதில் சிவப்பாக ஒரே ஒரு கழுத்துத்துணி. ஊர் ஊராகச் சர்க்கஸைத் துரத்துகிறார்கள். 'ரெவர்கள்' என்று இவர்களுக்குப் பெயர். 2011இல் புத்தகம் வெளியான பிறகு நிஜ வாசகர்களும் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிக்கொள்ள ஆரம்பித்தது வேறு கதை. அந்த மந்திரப் போட்டியில் தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லாத, வெறுமனே ரசிக்க வந்தவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்த காதல் நாவல் வேறு எனக்குத் தெரியவில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். உங்கள் அலுப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த நாவல், நவம்பர் மாதம் முழுக்க ஒரு நாவல் எழுதி முடிக்கும் 'நானோரைமோ' என்ற சவாலில் முளைத்தது. வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தவர், அது போரடித்ததும் தன் பாத்திரங்களை ஒரு சர்க்கஸுக்கு அனுப்பிவைத்தார். சர்க்கஸ் ஒட்டிக்கொண்டது, மற்றது உதிர்ந்துவிட்டது. ஆரம்பப் பிரதிகளில் சீலியாவே கிடையாது. அவளும் போட்டியும் பின்னால் திருத்தி எழுதும்போது வந்தவை. அது பக்கங்களில் தெரிகிறது. சர்க்கஸில் விற்கும் சாக்லேட் எலிக்குப் பாதாம் காது, அதிமதுர வால் என்று எழுதுகிறவர், போட்டியின் விதி என்ன, யார் எப்படி ஜெயிப்பார் என்பதை மட்டும் புகைமூட்டமாகவே வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கும் விதி தெரியாது, அந்தக் குருட்டுத்தனம்தான் கொடுமை என்று வாதாடலாம். ஓரளவுக்கு அது சரி. ஆனால் கடைசிப் பகுதியில் விதிகள் வேண்டிய நேரத்தில் வேண்டிய மாதிரி வளைகின்றன என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

மார்கோ மேல் எனக்குப் பெரிய வருத்தமே இருக்கிறது. தொலைந்த அவன் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, அவனை நம்பி, அவனுக்காகவே சீட்டுப் பார்த்துக் குறி சொல்பவளாகச் சர்க்கஸில் சேர்ந்து, அங்கிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் இஸபெல்லை அவன் நடத்தும் விதம் சகிக்காது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லித் தொலைக்கலாம். வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறான். பெரிய காதலுக்கு நடுவே இவள் நசுங்குவதை நாவல் பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் போதுமான கோபத்தோடு பார்க்கவில்லை. நீங்கள் படிக்கும்போது இஸபெல்லைக் கண்ணை விட்டு அகற்றாதீர்கள். அவள் செய்யும் ஒரு சின்னக் காரியத்துக்குப் பெரிய விளைவு இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகம் ஓரளவு தெரிந்திருந்தால் படிக்கும் சுகம் கூடும். அதில் தீவில் ஒதுங்கிய மந்திரவாதியின் பெயர்தான் ப்ராஸ்பெரோ. மகள் மிராண்டா. நாடக முடிவில் திரையை விலக்கினால் மிராண்டாவும் காதலனும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். காதலும் ஆட்டமும் ஒரே பலகையில் என்ற அந்தக் காட்சியை மார்கன்ஸ்டெர்ன் ஒரு நாவலாக விரித்துவிட்டார் என்றே சொல்லலாம். ஒரு வித்தியாசம். ஷேக்ஸ்பியரின் ப்ராஸ்பெரோ கடைசியில் கோலை முறித்து, மந்திரப் புத்தகத்தைக் கடலில் போட்டு, மகளை வாழ விடுகிறான். ஹெக்டர் எதையும் விடுவதாக இல்லை. தன் உடம்பே கரைந்து ஆவி மாதிரி ஆன பிறகும் வந்து நின்று மகளிடம் குறை சொல்கிறார். எந்தக் குடும்பத்தில்தான் இப்படி ஒரு பெரியவர் இல்லை!

ஆங்கிலம் கடினமில்லை, வாக்கியங்கள் சின்னவை. ஆனால் வேகமாகப் படித்தால் ஒன்றும் ஒட்டாது. இரவில் ஒரு நேரத்துக்கு மூன்று நான்கு அத்தியாயம் போதும். கேட்டுப் படிக்கும் பழக்கம் இருந்தால் ஜிம் டேல் வாசித்த ஒலிநூல் இருக்கிறது, அமெரிக்க ஹாரி பாட்டர் ஒலிநூல்களின் குரல் அவர்தான். குரல் அருமை. தேதிகள் மட்டும் காதில் நழுவிவிடும் என்பதால் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் மனசு ஒப்பவில்லை என்றால், உங்களுக்கு வேண்டியது வேறு புத்தகமாக இருக்கலாம். விறுவிறுப்பும் கண்ணெதிரே வளரும் காதலும்தான் வேண்டும் என்றால் ஸ்டெஃபனி கார்பரின் 'கேரவல்' படியுங்கள், 2017இல் வந்தது. மந்திரத் திருவிழா போன்ற ஓர் ஆட்டத்தில் தங்கை காணாமல்போக, அக்கா தேடுகிறாள். அங்கே உடை வாங்கக் காசு செல்லாது, உங்கள் ஆயுளில் இரண்டு நாளைக் கொடுக்க வேண்டும். எழுத்தில் இந்த நேர்த்தி இல்லை, ஆனால் தூக்கம் போகும். கொஞ்சம் முரட்டுத்தனமாக, சிரிப்பும் ஆபாசமும் கலந்து வேண்டும் என்றால் ஆஞ்சலா கார்ட்டர் 1984இல் எழுதிய 'நைட்ஸ் அட் த சர்க்கஸ்'. முதுகில் சிறகு முளைத்த பார் விளையாட்டுக்காரி, அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்க வந்து கோமாளியாகச் சர்க்கஸில் சேரும் பத்திரிகைக்காரன். மூன்றிலும் பெரிய எழுத்து அதுதான் என்பேன். ஆங்கிலமும் அதற்கேற்ற கனம்.

ஆனால் இதை மூடி வைப்பதற்கு முன் பனித்தோட்டம் வரை வந்துவிடுங்கள், அதிக தூரம் இல்லை. அங்கே சீலியா நிற்கும்போது, இதைக் கட்டியவன் யார் என்று அவளுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் உங்களுக்கு எதுவுமே தோன்றவில்லை என்றால் தாராளமாகத் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.